கிண்டல் பேசும் நாயகரும் கேட்டு நடக்கும் தோழர்களும்

பாத்திரமேற்பு விளையாட்டு என்று வழங்கும் வீடியோ கேம் வகையில், விளையாடுபவர் ஒரு கதைமாந்தரின் செயலையும் பேச்சையும் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு, எதிரில் நிற்பவர் பேசி முடித்ததும் திரையில் தோன்றும் சில மறுமொழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அத்தேர்வின் விளைவுகளைச் சுமந்தபடியே கதையைக் கடக்கிறார். அம்மறுமொழிகளுள் ஒன்று பணிவாகவும் மற்றொன்று கடுமையாகவும் இருக்க, மூன்றாவது பெரும்பாலும் கிண்டலாக அமைகிறது. நாயகருடன் நடந்து, சண்டையில் தோள்கொடுத்து, இரவில் முகாமில் அமர்ந்து பேசும் கணினி இயக்கும் துணைமாந்தர்கள் 'தோழர்கள்' எனப்படுகின்றனர். நாயகரின் கிண்டலை முதலில் கேட்பவர்களும் அதிகம் கேட்பவர்களும் அவர்களே. ஆயினும் கேட்டபின் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விளையாட்டு எழுத்தாளர்களிடம் நெடுங்காலம் விடை இல்லை. ஒரு செயலை எண்ணாக்கிக் கணக்கில் வைப்பது கணினிக்கு எளிதாகவும், ஒரு சொல்லின் தொனியை அவ்வாறு வைப்பது அரிதாகவும் இருந்ததே அதற்குக் காரணம். தொனியைச் செயலிலிருந்து பிரித்துத் தனியே எண்ணத் தொடங்கிய காலத்தில்தான் நையாண்டி பேசும் நாயகர் உண்மையான ஒரு மனிதராகத் திரையில் நின்றார் என்பதும், அந்த முயற்சி நீண்டகாலம் நிலைக்கவில்லை என்பதும் இவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவருக்குப் புலப்படும்.

இவ்வகை விளையாட்டுகளின் மூலம் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டாகும். சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்க, 'டஞ்சன் மாஸ்டர்' எனப்படும் நடத்துநர் கதையைச் சொல்லிச் செல்ல, வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்தது. அங்கே ஒருவர் கிண்டல் பேசினால் அருகிலிருந்தவர் சிரித்தார், அல்லது முகம் சுளித்தார். அதற்கு விதி எதுவும் தேவைப்படவில்லை. விதிநூலில் எழுதப்பட்டிருந்தது 'அலைன்மென்ட்' என்னும் அறச்சார்பு மட்டுமே. முதலில் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்று மூன்றாக இருந்த இப்பகுப்பு, பின்னர் நன்மை தீமை என்ற அச்சும் சேர்ந்து ஒன்பதாக விரிந்தது. மேசையிலிருந்து கணினிக்கு இவ்விளையாட்டு பெயர்ந்தபோது எண்களாக எழுதத்தக்கவை, அதாவது பகடையும் உயிர்ப்புள்ளிகளும் அறச்சார்பும், உடன்வந்தன. மேசையைச் சுற்றியிருந்தவர்களின் சிரிப்பு வரவில்லை.

ரிச்சர்ட் காரியட் உருவாக்கி 1985-இல் வெளிவந்த 'அல்டிமா 4' இந்த இழப்பை வேறொரு வழியில் ஈடுசெய்ய முயன்றது. கருணை, நேர்மை, வீரம், நீதி, தியாகம், மாண்பு, ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களை அது திரைக்குப் பின்னால் கணக்கு வைத்தது. பார்வையற்ற கடைக்காரரிடம் மருந்துப்பொருள் வாங்கிவிட்டு உரிய விலைக்குக் குறைவாகக் காசு வைத்தால் நேர்மை குறையும்; ஊரார் கேட்கும் சில கேள்விகளுக்குத் தற்பெருமையோடு விடை சொன்னால் பணிவு குறையும். பேச்சு அளக்கப்பட்ட மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று என்பதால் இவ்வரலாற்றில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. எனினும் அளந்தது உலகமே அன்றி உடன்வந்தவர் அல்லர். அயோலோ, ஷமினோ, டூப்ரே முதலிய தோழர்கள் குழுவில் சேர்ந்தபின் ஏறக்குறைய ஊமைகளாகவே நடந்தனர். 1992-இல் வந்த 'அல்டிமா 7' அவர்களுக்கு வாய் கொடுத்தது. நாயகர் பிறர் வீட்டுப் பொருளைத் திருடினால் தோழர்கள் கண்டித்தனர், மேலும் தொடர்ந்தால் விலகினர். தோழர் என்பவர் வாள் ஏந்திய கூடுதல் கை என்ற நிலையிலிருந்து, பார்த்துக்கொண்டும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டும் இருக்கும் ஒரு மனம் என்ற நிலைக்கு அப்போது நகர்ந்தார். அந்த மனம் கண்டது திருட்டை மட்டுமே, பேச்சை அன்று.

பேச்சுக்குத் தோழர் காட்டும் எதிர்வினையை நேரடியாக எண்ணாக்கியவர்கள் ஜப்பானியர். 1996-இல் சேகா சாட்டர்ன் கருவிக்கு வந்த 'சகுரா வார்ஸ்' விளையாட்டில், இச்சிரோ ஒகாமி என்னும் இளம் படையதிகாரி தம் குழுவினரிடம் பேசும்போது மறுமொழியைத் தேர ஒரு குறுகிய நேரமே தரப்பட்டது. நேரம் தீர்ந்தால் மௌனமும் ஒரு விடையாகக் கொள்ளப்பட்டது. கேட்டவரின் நம்பிக்கை ஏறியோ இறங்கியோ போக, அந்த நம்பிக்கை அடுத்து வரும் போரில் அவரது வலிமையை மாற்றியது. மறு ஆண்டு வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி 7' இதையே மறைபொருளாகச் செய்தது. அதன் நாயகன் கிளவுட் உதட்டை அதிகம் பிரிக்காத, வெடுக்கென்று பேசும் இளைஞன். அவனது சுருக்கமான மறுமொழிகள் ஏரித், டிஃபா, யூஃபி, பேரட் ஆகிய தோழர்கள் நால்வருக்கும் தனித்தனியே வைக்கப்பட்ட மறைமுக அன்புப் புள்ளிகளை மாற்றின. ஏரித்துக்கு 50, டிஃபாவுக்கு 30, யூஃபிக்கு 10, பேரட்டுக்கு 0 என்று தொடங்கும் இக்கணக்கின் முடிவிலேயே, கோல்ட் சாசர் என்னும் கேளிக்கைப் பூங்காவில் ஓரிரவு கிளவுடை அழைத்துச் செல்ல வருபவர் யார் என்பது முடிவானது. விளையாடியவர்களுள் பெரும்பாலோர் தாம் சொன்ன அலட்சியமான ஒரு சொல் எங்கோ குறித்துக்கொள்ளப்பட்டது என்பதை அறியாமலே அந்த இரவைக் கடந்தனர்.

கனடாவின் எட்மன்டன் நகரில் மருத்துவம் படித்த நண்பர்கள் 1995-இல் தொடங்கிய பயோவேர் நிறுவனம், 1998-இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டை வெளியிட்டபோது இருந்த நிலை வேறு. அதில் குழு முழுவதற்கும் 1 முதல் 20 வரை ஒரே நற்பெயர் எண் இருந்தது. எண் தாழ்ந்தால் நல்லவர்கள் குறைகூறிப் பிரிந்தனர். உயர்ந்தால் தீயவர்கள் சலித்துப் பிரிந்தனர். நாயகரின் நக்கலான மறுமொழி எதிரிலிருப்பவரைச் சீண்டிச் சண்டைக்கு இழுக்கலாமே தவிர, பின்னால் நின்ற தோழரைத் தொடவில்லை. 2000-ஆம் ஆண்டின் இரண்டாம் பாகமே அந்தச் சுவரைச் சிறிது உடைத்தது. அதில் தோழர்கள் தமக்குள் சச்சரவிட்டனர், நாயகரைத் தேடி வந்து பேசினர், சிலர் காதலிக்கவும் செய்தனர். சிறகு வெட்டப்பட்டு, தன்மீதே நம்பிக்கை இழந்த ஏயரியிடம் குத்தலாகப் பேசினால் காதல் அங்கேயே முறிந்து, மீண்டும் துளிர்க்க வழியில்லாமல் போகும். கணவனை இழந்த துயரத்தைக் கூரிய நாவால் மறைத்துக்கொள்ளும் ஜஹீராவோ சொல்லுக்குச் சொல் திருப்பித் தருபவள். ஒரே தொனி இருவர் காதில் இருவேறாக விழக்கூடும் என்ற உண்மையை மேற்கத்திய விளையாட்டு எழுத்து கண்டுகொண்ட இடம் இதுவாகும். கருவிதான் முரடானது, விளக்கின் விசையைப் போல உறவு இருக்கும் அல்லது அணையும், இடையில் வேறு நிலை இல்லை.

அதே காலத்தில், 1999-இல், பிளாக் ஐல் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' நையாண்டியை நாயகரிடமிருந்து எடுத்துத் தோழரிடம் கொடுத்தது. நினைவிழந்து பிணவறையில் விழிக்கும் பெயரிலி நாயகனை முதலில் வரவேற்பது மோர்ட் என்னும் மிதக்கும் மண்டையோடு. மோர்ட்டின் பேச்சு ஆயுதமாகவே விதிக்குள் வந்தது: அவன் வசை பொழிந்தால் பகைவர் சினந்து அவனையே குறிவைப்பர், வழியில் கேட்ட புதிய வசவுகளைக் கற்றுக்கொள்ளுந்தோறும் அந்த ஆற்றல் வளரும். கதை நகர நகர அந்த ஓயாத கிண்டலுக்கு அடியில் பழைய குற்றவுணர்வு ஒன்று இருப்பது தெரியவருகிறது. நகைப்பவன் எதையோ மறைக்கிறான் என்ற இந்தப் பார்வை, பிற்கால நாயகர்களுக்கு மோர்ட் விட்டுச்சென்ற மரபுச் செல்வம் எனலாம்.

பயோவேரின் 2003-ஆம் ஆண்டு 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' மறுபடியும் ஒளி, இருள் என்ற ஒற்றை அளவுகோலுக்குத் திரும்பியது. குத்தலான சொல்லுக்கு அந்த அளவுகோலில் தனியிடம் இல்லாததால், அது கொடுமையின் பக்கம் சாய்ந்து இருள் புள்ளியாகவோ, எதுவுமாகாமலோ போனது. மறு ஆண்டு அதன் தொடர்ச்சியை எழுதிய அப்சிடியன் நிறுவனம் 'செல்வாக்கு' என்னும் தனிக்கணக்கை ஒவ்வொரு தோழருக்கும் திறந்தது. அத்தோழர் அருகிலிருக்கும்போது நாயகர் சொல்வதும் செய்வதும் மட்டுமே அதில் ஏறின. கிரெயா என்னும் முதிய வழிகாட்டி இதில் தனித்து நிற்கிறாள். நார் ஷடா என்னும் நகர்நிலவில் இரந்து நிற்கும் ஒருவனுக்குக் காசு கொடுத்தாலும் கண்டிப்பாள், மிரட்டி விரட்டினாலும் கண்டிப்பாள். அவள் கேட்பது செயலுக்குப் பின்னால் சிந்தனை இருந்ததா என்பதையே. நன்மைக்கு ஒரு புள்ளி, தீமைக்கு ஒரு புள்ளி என்ற பழக்கத்தை அவளைப்போல உலுக்கிய பாத்திரம் அதுவரை வந்ததில்லை.

2009 நவம்பரில் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' தோழரின் மனத்தைத் திரையிலேயே எழுதிக்காட்டியது. ஒவ்வொருவருக்கும் குறை 100 முதல் நிறை 100 வரை ஒரு மதிப்பு எண் இருந்து, நாயகர் பேசி முடித்த கணத்திலேயே ஏற்ற இறக்கம் அறிவிக்கப்பட்டது. அங்கே நாயகருக்குக் குரல் கிடையாது. எழுத்தாகத் தோன்றும் வரியை விளையாடுபவர் தம் மனத்துக்குள் எத்தொனியில் படிக்கிறாரோ அதுவே தொனி. விளையாட்டாகச் சொன்னதை அலிஸ்டேர் என்னும் தோழன் மெய்யாக எடுத்துக்கொண்டு வருந்துவதும், இரக்கத்தோடு சொன்னதை மோரிகன் என்னும் தோழி பலவீனமாகக் கண்டு முகம் திருப்புவதும் இதனால் நேர்ந்தன. எழுத்தாளர் எண்ணிய தொனி ஒன்று, படித்தவர் எண்ணியது வேறொன்று. இடையில் நின்ற தோழர் எழுத்தாளர் பக்கமே தீர்ப்பளித்தார். இதற்கு மருந்தாக இருந்தது பரிசுப்பொருள். அலிஸ்டேருக்கு அவன் தாயின் பதக்கத்தையும், மோரிகனுக்குப் பொற்கண்ணாடியையும் கொடுத்தால் முன்னர் பட்ட மனக்காயம் எண்ணளவில் ஆறிவிடும். 2010-இல் வந்த ஒரு கூடுதல் தொகுப்பில் தோழர்களைச் சீண்டுவதற்கென்றே சில குறும்புப் பொருள்கள் விற்கப்பட்டன. அவற்றைக் கொடுத்தால் மதிப்பு சரிந்தது. கேலி இங்கே பையில் வைக்கத்தக்க பண்டமாகிவிட்டது. சொல்லால் புண்பட்டவரைப் பொருளால் ஆற்றலாம் என்ற இந்தக் கணக்கு, ஆரிஜின்ஸின் சிறந்த எழுத்துக்குத் தகுதியற்ற ஒரு குறை.

அதே 2010-இல் அப்சிடியனின் 'ஆல்ஃபா புரோட்டோகால்' என்னும் உளவு விளையாட்டு, முழு வாக்கியங்களுக்குப் பதிலாக நயமான நையாண்டி, முரட்டுத்தனம், தொழில்நேர்த்தி என்னும் மூன்று மனப்பாங்குகளை முன்வைத்தது. ஜேம்ஸ் பாண்ட், ஜாக் பவர், ஜேசன் போர்ன் ஆகிய மூன்று திரை நாயகர்களின் சாயலில் அவை அமைக்கப்பட்டதாக அதன் படைப்பாளர்களே கூறினர். தேர்வதற்குச் சில நொடிகளே இருந்தன. எதிரில் இருப்பவர் எத்தொனியை விரும்புவார் என்று கணிக்க அவரைப் பற்றிய கோப்புகளைப் படித்திருக்க வேண்டும். வெறுப்பைச் சம்பாதித்தாலும் அதற்குரிய பயன் ஒன்று கிடைத்தது. விற்பனையில் தோற்ற விளையாட்டு என்பதால் பலர் மறந்துவிட்டனர். ஆயினும் அறத்தை முற்றிலும் ஒதுக்கிவைத்துத் தொனியை மட்டும் அளந்த துணிவு அதற்குரியது.

இந்த இழைகள் அனைத்தும் ஒன்றாக முடிந்த இடம் 2011 மார்ச்சில் வெளிவந்த 'டிராகன் ஏஜ் 2'. முதல் பாகத்துக்கும் இதற்கும் இடையே பதினாறு மாதங்களே கழிந்திருந்தன. அந்த அவசரத்தின் தழும்புகளாக ஒரே குகையும் ஒரே கிடங்கும் திரும்பத்திரும்ப வந்ததைப் பலரும் பழித்தனர். ஆனால் பேச்சின் வரலாற்றில் இதற்கு நிகரான முயற்சி முன்னும் இல்லை, பின்னும் அரிது. கொள்ளைநோய் போல் பரவும் அரக்கப் படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடி, கிர்க்வால் என்னும் துறைமுக நகரில் அகதியாகத் தஞ்சமடையும் ஹாக் என்பவரின் ஏழாண்டு வாழ்க்கையே கதை. ஹாக் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். நிக்கலஸ் போல்ட்டனும் ஜோ வயட்டும் குரல் கொடுத்தனர். 2007-இல் 'மாஸ் எஃபெக்ட்' அறிமுகப்படுத்திய உரையாடல் சக்கரம், அதாவது மறுமொழிகளின் சுருக்கங்களை வட்டமாக அடுக்கும் அமைப்பு, இங்கே ஒரு முக்கியமான திருத்தம் பெற்றது. தேர்ந்த சொல்லின் தொனியைக் குறிக்கும் சின்னம் சக்கரத்தின் நடுவில் தோன்றியது: இணக்கத்துக்கு ஆலிவ் கிளை, கடுமைக்குச் சிவந்த முட்டி, நையாண்டிக்கு ஊதா நிறத்தில் சிரிக்கும் நாடக முகமூடி. முகமூடியைத் தேர்ந்த ஹாக்கை விளையாடுவோர் 'ஊதா ஹாக்' என்றே அழைக்கலாயினர்.

சின்னத்தைக் காட்டிலும் ஆழமானது அதற்குப் பின்னிருந்த கணக்கு. விளையாடுபவர் எத்தொனியை மிகுதியாகத் தேர்கிறாரோ அது ஹாக்கின் இயல்பாகப் பதிவானது. அதன்பின் விளையாடுபவர் தேராத இடங்களில் ஹாக் தானாகப் பேசும் வரிகளும், வழிநடையில் தோழர்களின் வம்பளப்புக்கு இடையே சொல்லும் சொற்களும், அந்த இயல்பிலேயே வந்தன. ஒரே வரி மூன்று தொனியில், இரு குரலில், ஆறு முறை ஒலிப்பதிவாக வேண்டியிருந்தது. பழைய விளையாட்டுகளில் கிண்டல் என்பது கணத்துக்குக் கணம் எடுத்து அணியும் அணி. இங்கே அது பழக்கமாகி, பழக்கம் குணமாகியது. தந்தை இறந்து, ஊர் அழிந்து, உடன்பிறந்தவர் ஒருவரை வழியிலேயே பறிகொடுத்துவிட்டுப் பிழைக்க வந்த ஒருவர் எதற்கெடுத்தாலும் நகைச்சுவை பேசுகிறார் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்ற எண்ணம் விளையாடுபவருக்குத் தானே எழுகிறது. இரண்டாம் பகுதியில் ஹாக்கின் தாய் கொடூரமாகக் கொல்லப்பட்டு, அதன்பின் நெருங்கியவர் ஒருவர் வீடு தேடி வந்து ஆறுதல் சொல்லும் காட்சி, ஊதா ஹாக்கோடு அதுவரை நடந்து வந்தவருக்கு மற்ற இருவகை ஹாக்கோடு வந்தவரைவிடக் கனமாகவே இருக்கும். அத்தனை நாளும் கைகொடுத்த கருவி அங்கே கைகொடுப்பதில்லை.

தோழர்களின் பக்கம் நிகழ்ந்த மாற்றமும் இதற்கு ஈடானது. பழைய மதிப்பு எண்ணுக்குப் பதிலாக ஒரு முனையில் நட்பும் மறுமுனையில் முரணும் கொண்ட கோடு வைக்கப்பட்டது. முரண் என்பது வெறுப்பு அன்று. கருத்தை ஏற்காமலே மதிக்கும் உறவு. இரு முனைகளுக்கும் உரிய பயன்களும் உரையாடல்களும் இருந்தன. உண்மையில் தண்டனைக்குரிய இடம் நடுப்பகுதியே. திருட்டுத்தொழிலில் ஊறிய கப்பல் தலைவி இசபெலா, நகரையே போருக்கு இழுத்துவந்த புனிதநூலைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். நட்போ முரணோ போதிய அளவு முற்றியிருந்தால் அவள் மனம்மாறி நூலோடு திரும்பி வருவாள், இல்லையேல் கதையிலிருந்தே மறைந்துவிடுவாள். தோழரைச் சீண்டியே ஏழாண்டு கழித்த நாயகரும் இதனால் தனிமைப்படாமல், உறவின் வேறொரு வடிவத்தை அடைய முடிந்தது. ஓயாமல் கிண்டல் பேசுபவரோடு நண்பர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்ற வாழ்க்கை அனுபவத்துக்கு இவ்வளவு அருகில் வந்த விதி வேறில்லை.

அந்தக் கிண்டல் ஒவ்வொருவர் காதிலும் எவ்வாறு விழுந்தது என்பதில் எழுத்தின் வளம் தெரிகிறது. கதை எழுதிப் பிழைக்கும் குள்ளன் வாரிக் நையாண்டியைத் தன் இனமாகக் கண்டு வரவேற்கிறான். இசபெலா அதற்கு மேல் ஒன்று சொல்லிச் சிரிக்கிறாள். வனத்தில் வளர்ந்த மெரில் உட்பொருள் புரியாமல் விழித்து, பிறகு விளக்கம் கேட்கிறாள். தம்பி கார்வர், அண்ணனோ அக்காளோ எது சொன்னாலும் தன்னைச் சிறுமைப்படுத்தவே சொன்னதாகக் கொள்கிறான். இவர்கள் அனைவரினும் ஆண்டர்ஸ் நுட்பமான பாத்திரம். 2010-இல் வந்த 'அவேக்கனிங்' என்னும் விரிவாக்கத்தில் பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு எதையும் நகையாடித் திரிந்த மந்திரவாதி அவன். நீதி என்னும் ஆவியைத் தன்னுள் ஏற்றபின் அவன் நகைச்சுவை வற்றி, ஒரே நோக்கில் எரிகிறவனாக டிராகன் ஏஜ் 2-இல் வருகிறான். ஊதா ஹாக் அவனிடம் பேசும்போது, முன்பு தானிருந்த நிலையையே அவன் எதிரில் காண்கிறான். இரண்டு விளையாட்டையும் அறிந்தவருக்கு மட்டும் புலப்படும் இந்த அடுக்கு எந்தப் புள்ளிக்கணக்கிலும் இல்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைக்கிறது. உரையாசிரியர் பேராசிரியர் அதைத் தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது நகுவது என்று இரண்டாகப் பகுக்கிறார். பாத்திரமேற்பு விளையாட்டில் எள்ளியவர் நாயகர், எள்ளப்பட்டவர் எதிரில் நிற்பவர். தோழரோ இவ்விரு நிலைகளுக்கும் வெளியே, மூன்றாவதாக நின்று கேட்பவர். அந்த மூன்றாமவரின் மெய்ப்பாட்டை எழுதுவதே இத்தொழிலின் கடினமான பகுதி.

டிராகன் ஏஜ் 2 இதில் முழு வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நட்பும் முரணும் பெரும்பாலும் மந்திரவாதிகளை அடைத்து வைக்கலாமா, அடிமைமுறையைப் பொறுக்கலாமா என்பன போன்ற நிலைப்பாடுகளின் மீதே ஏறி இறங்கின. ஒரு நகைச்சொல்லுக்குப் புள்ளி கிடைத்தால் அதனுள்ளே பொதிந்திருந்த நிலைப்பாட்டுக்கே கிடைத்தது எனலாம். முகமூடிச் சின்னம் சில இடங்களில் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடும் வழியாகவே தேய்ந்தது. சக்கரத்தில் காணப்பட்ட சில சொற்களுக்கும் ஹாக் உண்மையில் உரைத்த வாக்கியத்துக்கும் இடையே தூரம் இருந்ததால், மெல்லிய கேலியை எதிர்பார்த்தவர் அநாகரிகமான பகடியைக் கேட்டுத் திடுக்கிட நேர்ந்தது. கதை முழுவதும் வாரிக் என்பவன் கசாண்ட்ரா என்னும் விசாரணை அதிகாரியிடம் சொல்வதாக அமைந்திருப்பது இக்குறையை ஓரளவு அழகாக மூடுகிறது. தொடக்கத்திலேயே அவன் மிகைப்படுத்தி அளந்துவிட, கசாண்ட்ரா இடைமறித்து உண்மையைக் கேட்கிறாள். ஹாக்கின் வேடிக்கைப் பேச்சில் எவ்வளவு ஹாக்குடையது, எவ்வளவு அதை நேசித்து நினைவுகூரும் தோழனுடையது என்ற ஐயம் அதனால் கடைசிவரை வாழ்கிறது. தோழரின் எதிர்வினை என்ற பொருளில், முழுக்கதையுமே ஒரு தோழரின் எதிர்வினைதான்.

பின்வந்தவை இவ்வழியைத் தொடரவில்லை. பெத்தெஸ்டா நிறுவனத்தின் 'ஃபால்அவுட் 4' 2015-இல் வந்தபோது மறுமொழிகள் நான்காகச் சுருக்கப்பட்டு, அவற்றுள் ஒன்றின் தலைப்பாகப் பல இடங்களில் 'கிண்டல்' என்ற ஒரு சொல்லே எழுதப்பட்டிருந்தது. என்ன சொல்லப்போகிறோம் என்பதே தெரியாமல் விளையாடுபவர் பொத்தானை அழுத்தினார். அருகிலிருந்த தோழருக்கு அது பிடித்தது, மிகப் பிடித்தது, பிடிக்கவில்லை, வெறுத்தது என்று திரையின் மூலையில் செய்தி வந்தது. முழு வாக்கியத்தையும் முன்கூட்டியே காட்டும் மாற்றநிரலை ரசிகர்களே எழுதிப் பரப்பியது, எழுத்தாளர் தரவேண்டியதை வாசகர் தேடிக்கொண்ட நிகழ்ச்சி. சூழலுக்கேற்ற சொல் என்ற நிலையிலிருந்து கிண்டல் ஒரு வகைப்பெயராக இழிந்தது இங்கேதான்.

அப்சிடியன் வேறு திசைகளில் சோதனை செய்தது. 2015-இன் 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' அறவளவைக் கைவிட்டு, கருணை, கொடுமை, நேர்மை, வஞ்சம், மதிநுட்பச் சாதுரியம் முதலிய பத்து மனப்பாங்குகளுக்குப் புகழ்க்கணக்கு வைத்தது. நையாண்டி சாதுரியத்தின் கணக்கில் ஏறி, ஊரார் பேச்சில் எதிரொலித்தது. அடுத்த ஆண்டின் 'டிரனி' தோழருக்கு விசுவாசம், அச்சம் என்னும் இரு தனி அளவுகளை வைத்தது. 2018-இல் வந்த பில்லர்ஸின் இரண்டாம் பாகத்தில் தோழர்கள் நாயகரைப் பற்றி மட்டுமன்றி ஒருவரைப் பற்றி ஒருவரும் கருத்து வளர்த்துக்கொண்டனர்.

எண்ணை முற்றிலும் மறைத்து மனிதரை மட்டும் காட்டிய வெற்றி 2019-இன் 'டிஸ்கோ எலிசியம்' விளையாட்டுக்கு உரியது. எஸ்டோனியாவில் உருவான எழுத்தாளர் குழுவொன்று படைத்த இதில், குடித்து நினைவழிந்த துப்பறிவாளர் ஒருவர் எதையும் சொல்லலாம், எவ்வளவு அபத்தமாகவும் பேசலாம்; உடன் பணியாற்றும் கிம் கிட்சுரகி அவற்றைக் கேட்டுக்கொண்டு குறிப்பேட்டில் ஏதோ எழுதுகிறார். அவரது ஒப்புதலை எந்த அறிவிப்பும் சொல்வதில்லை. அடக்கமான அம்மனிதர் எப்போதாவது தாமே ஒரு வறண்ட நகைச்சொல்லை உதிர்க்கும்போது விளையாடுபவர் அடையும் மகிழ்ச்சி, நூறு நிறைபுள்ளிகள் தராதது. ஒரே ஒரு தோழரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் காதுக்காகவே எழுதியதன் பலன் அது.

பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' கேலிக்கு விதிநூலிலேயே இருக்கும் இடத்தைப் பயன்படுத்தியது. பாணர் வகுப்பினர் ஒரு வசைச்சொல்லால் எதிரியின் உள்ளத்தைக் காயப்படுத்தும் மந்திரம் மேசை விளையாட்டின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அப்படியே வந்தது. உரையாடலில் நாயகர் மௌனமாக நிற்க, வரி எழுத்தாகவே கிடக்கிறது. அஸ்டாரியன் என்னும் தோழரின் முகத்தில் ஒரு புன்னகையும் மூலையில் 'ஒப்புகிறார்' என்ற செய்தியும் தோன்றுகின்றன. நடிகர் முகபாவம் எவ்வளவு செம்மையாகப் படம்பிடிக்கப்பட்டிருந்தாலும், தொனியை விளையாடுபவர் மனத்துக்கே விட்டுவிடும் ஆரிஜின்ஸ் காலத்து முறை இது.

ஊதா ஹாக்கின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 2014-இல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' முந்தைய விளையாட்டுகளின் முடிவுகளை ஏந்திவர 'டிராகன் ஏஜ் கீப்' என்னும் இணையப் பேழையை வைத்திருந்தது; ஹாக் இணக்கமானவரா, நையாண்டிக்காரரா, கடுமையானவரா என்பதும் அதில் சேமிக்கப்பட்டது. புதிய நாயகருக்கு அத்தகைய தொகுத்த குணம் எதுவும் பதியப்படவில்லை; ஆனால் வாரிக்கின் அழைப்பை ஏற்று விருந்தாளியாக வரும் ஹாக் பழைய தொனியிலேயே பேசுகிறார். ஆவியுலகில் சிக்கிய குழு தப்பிக்க ஒருவர் பின்தங்கியே தீரவேண்டும் என்ற கட்டம் வரும்போது ஹாக்கை விட்டுவரும் தேர்வு வைக்கப்படுகிறது. அவ்வாறு விட்டுவந்தால், அதைத் தாங்கவேண்டியவன் வாரிக். மூன்றாண்டு முன் வேறொரு விளையாட்டில் ஒருவர் ஊதா முகமூடியைப் பலமுறை அழுத்தியது, இங்கே ஒரு தோழனின் துக்கத்துக்கு உருவம் கொடுக்கிறது. பாத்திரமேற்பு விளையாட்டில் ஒரு நகைச்சொல்லின் விளைவு இதைவிட நீண்ட தூரம் பயணம் செய்ததாகச் சொல்ல வேறு எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 2024-இல் வெளிவந்த 'டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்' தொனிச் சின்னங்களை மீண்டும் கொண்டுவந்தது, ஆனால் முந்தைய கதையிலிருந்து மூன்று முடிவுகளை மட்டுமே கேட்டு வாங்கிக்கொண்டது. ஹாக் உயிரோடு இருக்கிறாரா என்பதோ, அவர் எவ்வாறு பேசினார் என்பதோ அம்மூன்றில் இல்லை. இத்தனை ஆண்டுகள் அந்தப் பேச்சைக் காத்துவந்த எழுத்தாளர்களின் உழைப்பை எண்ணும்போது அந்த விடுபாடு வருந்தத்தக்கது.